கை நனைக்காத ஞாயிறு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், என் கைபேசி சும்மா இருக்காது. இந்த வார இறுதியில் சென்னையில் எங்கே போகலாம், எந்த மைதானத்தில் எந்தக் கச்சேரி, எந்த மண்டபத்தில் எந்தக் கண்காட்சி என்று வரிசையாக வந்து விழும். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒன்று விடாமல் போய்க்கொண்டிருந்தேன். இப்போதும் போகிறேன். ஆனால் ‘உணவுத் திருவிழா’ என்று போட்டிருந்தால் மட்டும் என் விரல் அப்படியே நின்றுவிடும். தின்பதில் எனக்கு வெறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். என்னை ஒருமுறை பார்த்தவர்கள்கூட அப்படி நினைக்க மாட்டார்கள். எட்டு வயதில் மதுரையில் ஓர் உணவுத் திருவிழாவின் நட்டநடுவில் பட்டினியாக உட்கார்ந்திருந்தவள் நான். அந்த எரிச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அது என் சித்தியை மாப்பிள்ளை வீட்டார் பார்த்த நாள்.

சித்தி அம்மாவுக்கு நேர் இளையவள். எங்கள் ஊரான எரியோட்டிலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல் போய், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ரத்தம் எடுக்க ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று அவளுக்கு நல்ல பெயர். முந்தின வருஷம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு தெருவில் யாரைப் பார்த்தாலும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று விசாரிப்பு. சித்தி பஸ்ஸுக்குப் போகிற வழியையே மாற்றிக்கொண்டாள். அதனால் இந்தத் தடவை பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், வெளியூரில் பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

இடம் பார்க்கிற பொறுப்பு பெரிய மாமாவுடையது. அம்மாவுக்கும் சித்திக்கும் அவர்தான் அண்ணன். அவர்களுடைய அப்பா போன பிறகு வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்தான். முருங்கைத் தோட்டத்துக்காரர். அப்போதுதான் தொடுதிரைக் கைபேசி வாங்கி, அதில் எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடித்துவிடுகிற உற்சாகத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதுரையில் என்னென்ன நடக்கிறது என்று தேடினார். கலை விழா, அனுமதி இலவசம் என்று ஒன்று வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம், யாருக்கும் சந்தேகம் வராது என்று அதையே முடிவு செய்தார். தலைப்பை மட்டும்தான் படித்திருக்கிறார். அது கலையோடு உணவுத் திருவிழாவும் சேர்ந்தது என்பது மைதானத்துக்குள் நுழைந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அதில் என்ன வில்லங்கம் என்றால், எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடிகிறவரை ஒரு வீட்டார் கொடுக்கும் சோற்றில் இன்னொரு வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், வடை கடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு இல்லை என்று சொன்னால் வாக்கு மாறியவர்கள் என்ற பெயர் வந்துவிடும். மாமாவுக்கு உயிர் போனாலும் அந்தப் பெயர் மட்டும் வரக்கூடாது.

வெளியே பார்ப்பவர்களுக்குச் சுற்றுலா மாதிரித் தெரியட்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். விடிந்ததும் இட்லி தின்றுவிட்டுக் கிளம்பினோம். திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறியதும் மாமா முன் சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏ பாப்பா, அவுக எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லணும். அதுலயும் சோறுன்னா கையால தொடவே கூடாது. தொட்டியோ, ஒஞ் சித்திய அவுகளுக்குக் குடுத்துட்டோம்னு அர்த்தம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தியைப் பார்த்தேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு மதுரை வரை வந்தேன்.

மைதானத்தின் ஒரு பக்கம் பந்தல் போட்டு ஒயிலாட்டம். மறு பக்கம் முழுக்கத் தின்பண்டக் கடைகள். கறிதோசை, பருத்திப்பால், குடை மாதிரி விரிந்த டெல்லி அப்பளம். எல்லாவற்றையும்விட நீளமான வரிசை, திண்டுக்கல் பிரியாணி என்று பலகை தொங்கிய கடைக்கு முன்னால் நின்றது. மாமா அந்தப் பலகையை விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அது கிடைக்கிற ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, அதன் வாசனைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வேறு எங்கும் நிழல் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அவர்கள் வருவதற்குள் நாமாவது ஏதாவது வாங்கிச் சாப்பிடலாம் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். அவர்கள் வந்து நிற்கும்போது நாம் வாயில் போட்டுக்கொண்டிருந்தால் மரியாதை இல்லை என்று மாமா அடக்கிவிட்டார். வெயில் உச்சிக்கு ஏறியது. நான் டெல்லி அப்பளத்தைப் பார்ப்பதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியும் வாசனை விடவில்லை.

ஒருவழியாக வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மாப்பிள்ளைக்கு மதுரையில் சொந்தமாக இரும்புச் சாமான் கடை. சட்டை மடிப்புக் கலையாமல், சிரித்த முகமாக இருந்தார். அவருடைய அம்மா மெலிந்த உருவம், மடியில் ஒரு மஞ்சள் பை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே மகனைப் பார்த்தார். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பொண்ணும் மாப்பிள்ளையும் செத்த நேரம் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தனியாக என்றால் நடுவில் நான். சித்தி என் கையைப் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் கடைகளின் ஓரமாக நடந்தோம். மாப்பிள்ளைதான் பேசிக்கொண்டே வந்தார். கடை, புதிதாகக் கட்டுகிற மாடி, வாங்கப் போகும் கார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த ஒன்றே ஒன்று இதுதான்:

“வேலைக்கெல்லாம் இனி பஸ் ஏறி அலைய வேண்டியதில்ல. அம்மாவுக்கும் வீட்டுல ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேணும்.”

“அத அவுககிட்ட கேட்டீகளா?” என்றாள் சித்தி. அன்றைக்கு அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

அவர் சிரித்தார். “அம்மாட்ட என்னத்தக் கேக்க?”

அப்போது பந்தலில் உருமி மேளம் வேகம் பிடித்திருந்தது. பந்தலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். எப்போது நாற்காலியைவிட்டு எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. மஞ்சள் பையின்மேல் அவருடைய விரல்கள் மேளத்துக்குச் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தன. முகம் அத்தனை மலர்ச்சியாக இருந்தது. மாப்பிள்ளை எங்களை நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் போனார். குனிந்து காதோரம் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, எங்களுக்குக் கேட்கவில்லை. வகுப்பில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நாங்கள் விறைத்து நிற்போமே, அப்படி நின்றார் அந்த அம்மா. விரல்கள் நின்றுவிட்டன. யாரையும் பார்க்காமல் நடந்து போய்ப் பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை அதே சிரித்த முகத்தோடு எங்களிடம் திரும்பி வந்தார்.

சித்தி என் கையை இறுக்கிய இறுக்கில் எனக்கு வலித்தது. சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

நாங்கள் திரும்பியபோது பெரியவர்கள் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, மற்றதை ஊரில் பேசிக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு வருஷமாகத் தெருக்காரர்களுக்குப் பதில் சொல்லி அவரும்தான் அலுத்துப்போயிருந்தார். சித்தியைப் பார்த்து, உனக்குச் சரிதானே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவள் தலை குனிந்து நின்றதே சம்மதம்போல் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் வயிறு உறுமியது. எல்லாருக்கும் கேட்டது. எனக்கு மானம் போயிற்று. அந்த அம்மா எழுந்து போனார். திரும்பி வரும்போது அவர் கையில் பாக்குமட்டைத் தட்டு இருந்தது. ஆவி பறக்கிற சீரகச் சம்பா பிரியாணி.

“பச்சப்புள்ள. பசி தாங்காது” என்று என் மடியில் வைத்தார்.

நான் தட்டைப் பார்த்தேன். பிறகு மாமாவைப் பார்த்தேன். என் கைகள் தொடைக்குக் கீழேதான் இருந்தன. மாப்பிள்ளையின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “சாப்புடு தாயி. நீ கை நனைச்சா ஒங்க வீடே நனைச்ச மாதிரித்தான். என்ன சம்பந்தி?”

சம்பந்தி என்ற அந்த ஒரு வார்த்தையில் மாமா கரைந்துவிட்டார். “சாப்புடு பாப்பா” என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. காலையில் தொடாதே என்று சொன்ன அதே வாய் இப்போது சாப்பிடு என்கிறது. தொட்டால் சித்தியைக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். தொடாவிட்டால் மாமாவின் பேச்சைக் கேட்கவில்லை என்று அர்த்தம். அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாருடைய கண்ணும் என்மேல் இருந்தது. பசி பெரிய சனியன். வலது கை தானாக வெளியே வந்தது. விரல் நுனியில் சோற்றின் சூடு படுகிற தூரம் வரை போய்விட்டது.

தட்டு மேலே போயிற்று. சித்தி அதை எடுத்திருந்தாள். வெடுக்கென்று பிடுங்கவில்லை. மெதுவாக, சிந்தாமல் எடுத்தாள்.

“பிள்ளைக்கு வேணாம்மா” என்று அந்த அம்மாவிடம் நீட்டினாள். “நாங்க கை நனைக்கல.”

ஊசி போடும்போது, லேசாகத்தான் வலிக்கும் என்று சொல்வாளே, அதே குரல்.

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். சித்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் அம்மாவிடம் திரும்பி, “ஒன்ன யாரு வாங்கச் சொன்னா?” என்றார். அந்தச் சிரித்த முகம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவருடைய அப்பா மாமாவைப் பார்க்க, மாமா தரையைப் பார்த்தார். அந்த அம்மா மகனைப் பார்க்காமல் எட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது தட்டுக்கு அடியில் சித்தியின் கையைப் பிடித்தார். பிடித்து, மேளத்துக்குத் தட்டிய அந்த விரல்களால் மெல்லத் தட்டிக்கொடுத்தார். நான் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் என் அழுகையை நிறுத்த அம்மாவால் முடியவில்லை. அம்மாவும் அழுதுகொண்டிருந்ததால் அவள் பெரிதாக முயற்சியும் செய்யவில்லை. வாடிப்பட்டி தாண்டியதும் மாமா முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

“அம்புட்டுப் பேரு முன்னாடி என்னை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டியேத்தா.”

“கேட்டிருந்தா வாயால சொல்லியிருப்பேண்ணே” என்றாள் சித்தி. “யாரும் கேக்கல.”

மாமா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் சித்தியோடு பேசவில்லை. சித்தி தன்பாட்டுக்கு வேலைக்குப் போய்வந்தாள். பின்னால் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, இன்றைக்கும் அதே திண்டுக்கல்லில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வரனைப் பேசும்போது மாமா எல்லாருக்கும் முன்னால் அவளைக் கூப்பிட்டு வாய்விட்டுக் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மாவும் மாமாவும் எரியோடு பஸ்ஸில் இடம்பிடிக்கப் போனார்கள். சித்தி என்னை ஒரு கடைக்குள் கூட்டிப்போய் எதிரே உட்கார வைத்து, ஒரு பிரியாணி சொன்னாள். இலை வந்தது. எனக்குக் கை எழவில்லை. இதில் கை வைத்தால் இவளை யாருக்குக் கொடுத்ததாக அர்த்தமோ என்று பயந்து அவள் முகத்தையே பார்த்தேன்.

“இது வெறுஞ் சோறுதான் பாப்பா” என்றாள். “சாப்புடு.”

இலையை வழித்துத் தின்றேன். தின்னத் தின்ன, சித்தியின்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அந்த அம்மாவைப் பற்றிய யோசனைதான் போகவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கும் கோபம் வரும். அவருக்கு மட்டும் ஏன் வரவில்லை? பஸ்ஸில் அம்மாவின் மடியில் சாய்ந்தபடி யோசித்துப் பார்த்ததில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. அவரும் காலையிலிருந்து பட்டினி கிடந்திருப்பார், தட்டு திரும்பத் தன் கைக்கே வந்ததில் சந்தோஷப்பட்டிருப்பார் என்று முடிவு செய்துகொண்டு, வயிறு நிறைந்த சுகத்தில் தூங்கிப்போனேன்.