அப்பாவின் ரிமோட்டுக்கு நான் செய்த தட்டு

அந்தத் தாளில் ஐந்து வரிகள் இருந்தன. வேலையிடத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அப்பாவின் கதிரைக்கு நேரே சுவரில் ஒட்டியிருந்தேன்.

1. விளையாடி முடிந்ததும் ரிமோட்டைத் தட்டின் நடுவில் வைக்கவும்.
2. அதன் முதுகுப்பக்கம் கீழே இருக்க வேண்டும்.
3. பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும்.
4. எரியாவிட்டால் எடுத்துத் திரும்ப வைக்கவும்.
5. நேரத்தைக் கொப்பியில் எழுதவும்.

எழுத்துகள் பெரியவை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாசித்தார்கள். ஒரு மனிதர் தன் சொந்த முன்னறையில், தனக்கென்று எழுதப்பட்ட கட்டளைகளை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் துறையோடு சேர்க்கும் வேலை. ஓய்வுபெற்று மூன்றாம் வருடம் பாரிசவாதம் வந்தது. கால் மீண்டது, பேச்சும் ஏறக்குறைய மீண்டது. வலது கை மட்டும் பின்தங்கியது. அதிலும் பெருவிரல் அசைய மறுத்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி மிஸ் முதலில் ரப்பர் பந்து ஒன்றைத் தந்தார். அப்பா அதை இரண்டு நாள் அமுக்கிவிட்டு யன்னல் கட்டையில் வைத்துவிட்டார். பிறகு மிஸ், வீட்டில் கேம் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் விளையாடட்டும், பெருவிரல் தன்னால் வேலை செய்யும் என்றார். இந்த மாதங்களைத் தவறவிட்டால் பிறகு கஷ்டம் என்றும் சொன்னார்.

தம்பி கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன கேம் பெட்டி அலுமாரிக்குள் இருந்தது. அதன் கைப்பிடியைத்தான் எங்கள் வீட்டில் ரிமோட் என்போம். கார் ஓட்டப்பந்தயம் ஒன்றை அப்பா தெரிந்தெடுத்தார். காரையும் அவர் இழுவைப் படகு மாதிரியேதான் ஓட்டினார். வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பார். ஒவ்வொரு தடவையும் கடைசியாக வருவார். ஒருநாளும் எதிலும் முட்டியதில்லை. அம்மா குசினி வாசலில் நின்று, பின்னால் வருகிறவனுக்கு வழி விடச் சொல்லுவாள். அவனும் அப்போதே போய்விட்டான் என்பார் அப்பா.

சிக்கல் சார்ஜில் வந்தது. பழைய பேட்டரி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. சார்ஜ் வயரின் முனை ஒரு பக்கமாக மட்டுமே உள்ளே போகும் வகை. அப்பா ரிமோட்டை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு இடது கையால் சொருகப் பார்ப்பார். வழுக்கும். திரும்பப் பார்ப்பார். அதன்பின் அம்மாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்குப் பதிலாக அவர் விளையாட்டை நிறுத்தத் தொடங்கினார்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவள். துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆலையில் அளவைக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. வயர் இல்லாமல் சார்ஜ் செய்யும் தட்டு ஒன்றையும், மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்றையும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். ரிமோட்டைத் திறந்து, சுருளை முதுகு ஓட்டின் உள்ளே ஒட்டி, இரண்டு முனைகளையும் ஈயம் வைத்துப் பிடித்தேன். வயர் சொருகும் வாயைத் தொடவில்லை. தட்டைச் சுற்றி மரத்தால் விளிம்பு கட்டினேன். ரிமோட்டை அந்த விளிம்போடு தள்ளிவிட்டால் போதும்; தானாக நடுவில் போய் அமரும். அந்த வேலை இன்றைக்கும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

கம்பி இல்லாமல் எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டாள். நான் முகம் துடைக்கும் கைலேஞ்சியைத் தட்டில் விரித்து அதன்மேல் ரிமோட்டை வைத்தேன்; பச்சை எரிந்தது. காட்போட் மட்டை ஒன்றை வைத்தேன்; எரிந்தது. அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. நடுவில் எதைப் போட்டாலும் போகும் என்று சொன்னேன். சரியாக அந்தச் சொற்களைத்தான் சொன்னேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமை, அம்மா அவருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டியிருந்தாள். ஊசி ஏற்றிய காயம் அப்போது ஆறவில்லை. நூல் கட்டினால் நரம்பு வேலை செய்யுமா என்று கேட்டுக்கொண்டே, அம்மாவுக்கு முன்னாலேயே அதைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். அம்மா குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டு முதல் கிழமை நன்றாக வேலை செய்தது. அதன்பின் நான் வேலை முடிந்து வரும்போது ரிமோட் செத்துக் கிடக்கும். அப்பா மதியம் வைத்திருப்பார். நான்கு மணிக்கு எடுத்தால் உயிர் இருக்காது. பின்னேர விளையாட்டு நின்றுபோனது. நான் வந்து வைத்தால் உடனே பச்சை எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில், நான் வீட்டில் இருக்கும்போது, ஒரு பிசகும் இல்லை. அதையும் அப்பாவுக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வேலையிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கருவி எங்கள் மேசையில் ஒழுங்காக ஓடி, ஆலைக்குள் மட்டும் ஓடாவிட்டால், படிவத்தில் ‘பாவனையாளர் தவறு’ என்று எழுதிக் கையொப்பமிடுவோம். வீட்டில் படிவம் இல்லை. ஆனால் நான் அதைத்தான் எழுதினேன். சுவரில் தாளை ஒட்டினேன். கொப்பியில் மூன்று நிரல்கள் கீறினேன்: வைத்த நேரம், விளக்கு, எடுத்த நேரம்.

அப்பா இடது கையால், சாய்ந்த எழுத்தில், நேரங்களை எழுதினார். விளக்கு என்ற நிரல் மட்டும் ஒவ்வொரு நாளும் வெறுமையாக இருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். படகில் இருந்த காலம் முழுவதும், காற்று மாறிய நிமிடத்தைக்கூடப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவைத்த மனிதர் சொன்ன பதில் அது. நான் அதை நம்பினேன்.

ஒரு ஞாயிறு, அப்பாவோடு படகில் வேலை செய்த மூத்த முஸ்லிம் நண்பர், நாங்கள் எல்லாரும் நானா என்று கூப்பிடுபவர், கிண்ணியாவிலிருந்து வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே சுவரில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். முடிந்ததும் சிரித்தார்.

“தம்பி, மலை மாதிரிக் கப்பலையெல்லாம் முட்டை உடையாமக் கொணந்து சேத்த ஆள் நீ. உள்ளங்கையளவு சாமானை வைக்க உனக்குச் சட்டம் எழுதி ஒட்டிக் கிடக்கு.”

அப்பாவும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

“பகிடி இல்லை நானா,” என்றேன். “சின்னப்பிள்ளைக்குக் காட்டுற மாதிரிப் பத்துத் தரம் காட்டிப்போட்டன். கவனமில்லை. அப்பா, ஒருக்கா வைச்சுக் காட்டுங்கோ.”

அப்பா என்னைப் பார்த்தார். ரிமோட்டை வலது கையால் எடுத்தார். இடது கையைத் துணைக்குக் கொண்டுவராமல், மெதுவாக விளிம்போடு சேர்த்துத் தள்ளிவிட்டார். பச்சை எரிந்தது.

“பாத்தீங்களா,” என்றேன். “மனம் வைச்சா வேலை செய்யுது.”

நானா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு அவர் கந்தளாயில் இருக்கும் மகளின் வயலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். வெகுநேரம் அதையே கதைத்தார்.

அடுத்த நாளிலிருந்து அப்பா விளையாடவில்லை. காலையிலும் இல்லை. நான் கேட்டபோது அலுத்துவிட்டது என்றார். அந்த மாதக் கிளினிக்கில் மிஸ் அவருடைய பெருவிரலைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். போன முறை இருந்த அசைவில் ஒரு பகுதி குறைந்திருந்தது. வீட்டில் பயிற்சி நடக்கிறதா என்று கேட்டார். அப்பா பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். ரிமோட்டைச் சார்ஜில் போடுகிறார் இல்லை மிஸ், என்ன செய்வது என்றேன். அப்பா தன் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மூன்று கிழமை அப்படிப் போனது. ஒருநாள் ஆலையில் பிரதான மின்மாற்றி பழுதாகி, எங்களைப் பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கதிரையில் கண் மூடி இருந்தார். தட்டின்மேல் ரிமோட் இருந்தது. அதற்கு அடியில் ஒரு சிவப்பு வெல்வெட் துணி. நான் அந்தத் துணியை முன்பு கண்டதில்லை. பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

துணியை எடுத்தேன். சூடாக இருந்தது. இரண்டு மடிப்பாகத் தைத்திருந்தது. உள்ளே விறைப்பான விளிம்பு ஒன்று தட்டுப்பட்டது. தையலைப் பிரிக்காமலே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் பிரித்தேன். உள்ளங்கையளவு செப்புத் தகடு. கட்டங்களும் எழுத்துகளும் கீறிய கோவில் யந்திரம்; மேலே குங்குமம் காய்ந்திருந்தது.

தட்டுக்கும் சுருளுக்கும் நடுவில் உலோகம் வந்தால் மின்சாரம் ரிமோட்டுக்குப் போகாது. உலோகத்தைச் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஆலையில் ஒரு புது ஆளின் கையில் நான் கருவி எதையும் கொடுத்ததில்லை. அங்கே அதுதான் முதலாவது வரி. வீட்டில் ஐந்து வரிகள் எழுதியவள் அந்த ஒன்றை எழுதவில்லை.

அம்மா ஈரக் கையோடு குசினியிலிருந்து வந்தாள். தகடு என் கையில் இருப்பதைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“அதையும் வெட்டப் போறியா?” என்றாள்.

நான் தகட்டை மேசையில் வைத்தேன். அம்மாதான் சொன்னாள். சல்லி அம்மன் கோவிலில் பூசையில் வைத்து வாங்கியதாம். கையில் கட்டினால் நான் வெட்டிவிடுவேன். கரண்ட் துணியைத் தாண்டிப் போகுமென்று நான்தானே காட்டினேன்; தகட்டைத் துணியில் தைத்து அதில் வைத்தால், கரண்ட் ரிமோட்டுக்குப் போகும், ரிமோட்டைப் பிடிக்கிற கைக்கு அம்மனும் போவாள் என்று நினைத்தாளாம். நான் ஐந்தரைக்கு வருவேன் என்பதால் ஐந்து மணிக்கே எடுத்துச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாளாம். அவர் விளையாடுவதை நிறுத்திய பிறகும் ஒரு நாளும் தவறவிடவில்லையாம்.

“அவவை ஒண்டும் சொல்லாத பிள்ளை,” என்றார் அப்பா. அவர் கண் திறந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். “எனக்குத் தெரியும்.”

“எப்ப இருந்து?”

“துணி வந்த ரெண்டாம் நாளே. தொட்டன், சுட்டுது. துணியை எடுத்துப்போட்டு வைச்சன், பச்சை வந்துது. திருப்பி வைச்சிட்டன்.”

“ஏனப்பா சொல்லேல்லை?”

“ஆருக்குச் சொல்ல? கொம்மாட்டைச் சொன்னா, அவ நம்பியிருக்கிற அந்த ஒண்டையும் விட்டிடுவா. உன்னட்டைச் சொன்னா…” அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். “ஒரு ஆள் பேச்சு வாங்கினாப் போதும்தானே.”

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. தன்னால்தான் அந்த ரிமோட் செத்துக் கிடந்தது என்பதும், அந்தக் கை பின்னுக்குப் போனதற்குத் தானும் காரணம் என்பதும் அவளுடைய முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா பல கிழமைகளாக மறைத்து வைத்திருந்ததை, நான் தையல் பிரித்து ஒரே நிமிடத்தில் அவளுக்குக் காட்டிவிட்டேன்.

அன்று நான் மேசைக்கு முன் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். நூல். ‘எதைப் போட்டாலும் போகும்.’ சுவரில் தாள். நானாவுக்கு முன்னால் சொன்னது. மிஸ்ஸுக்கு முன்னால் சொன்னது. வேலையில் இப்படி எழுதினால் ஒவ்வொன்றுக்கும் எதிரே திருத்தம் என்று ஒரு நிரல் இருக்கும். அதில் என்னால் நிரப்ப முடிந்தது தாளுக்கு எதிரே மட்டும்தான். எழும்பிப் போய் அதைக் கிழித்தேன். ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

கொப்பியைக் கிழிக்கவில்லை. வெறுமையாக விடப்பட்ட அந்த நிரலை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பச்சை என்று எழுதினால் பொய். சிவப்பு என்று எழுதினால் அம்மா அகப்படுவாள். இரண்டையும் எழுத மறுத்து, கவனமில்லாத மனிதர் என்ற பெயரை வாங்கிக்கொண்டிருக்கிறார். என் வீட்டில் இரண்டு பேர் என் வாய்க்குப் பயந்து ஆளுக்கொன்றை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அதற்கு நேரம் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

தகட்டை வைக்கத் தட்டின் பக்கத்தில், தூரமாக, ஒரு சிறு மரக்கூடு செய்துதரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். தகடு சுவாமிப் படத்துக்கு முன்னால் போனது. அடுத்த முறை நானா வந்தபோது, பிழை அப்பாவுடையது அல்ல, என்னுடையது என்று சொல்லத் தொடங்கினேன். அப்பா இடைமறித்து, தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கோ நானா என்றார். நானாவும் குடித்தார். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட எனக்கு அங்கே இடம் விடவில்லை. அல்லது, தன் விஷயம் இன்னொருவர் முன் மறுபடியும் பேசப்படாமல் தன்னைக் காத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“அந்தப் பழைய வயர் கிடக்கோ?”

“ஓம். ஏன்?”

“தா. உன்ர தட்டை நீ எடு.”

இப்போது அவர் காலையிலும் பின்னேரமும் விளையாடுகிறார். கடைசியாகத்தான் வருகிறார். பெருவிரல் முன்பு இருந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. வருகிறது என்று மிஸ் சொல்கிறார். முடிந்ததும் ரிமோட்டை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வயரைச் சொருகப் பார்ப்பார். முனை ஓட்டில் உரசும் சத்தம் என் அறைவரைக்கும் கேட்கும். வழுக்கும். திருப்பிப் பிடிப்பார். ஐந்து நிமிடம், சில நாள் அதற்கும் மேலே. அம்மாவைக் கூப்பிடுவதில்லை. என்னையும் கூப்பிடுவதில்லை.

மர விளிம்பு வைத்த தட்டு என் மேசையில் இருக்கிறது. என் போனை அதில்தான் வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பச்சை எரிகிறது. பக்கத்து அறையில் அந்த உரசும் சத்தம் தொடங்கினால் எழும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். ‘டக்’ என்று முனை உள்ளே போகும்வரைக்கும் இருக்கிறேன்.