அன்னபாக்கியத்தின் பெருவிரல்

அன்னபாக்கியத்துக்கு உலகத்தில் பாதிப்பேர் சோம்பேறிகள், மிச்சப்பேர் புத்தியில்லாத பேயர்கள். தர்மபுரத்தில் புருசனோடு காடு வெட்டியவள், அவர் போன பிறகு மூன்று ஏக்கர் வயலையும் தனியே விதைத்து அறுத்தவள். அப்படி நினைக்க அவளுக்கு உரிமையிருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்துமிருந்தாள். காணிக் கந்தோரில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினால், "உதை அங்காலை வையுங்கோ," என்று தள்ளிவிட்டு, பேனையை வாங்கி முழுப்பெயரையும் எழுதுவாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஊரையே படுக்கப்போட்ட காய்ச்சல் அறுபத்தாறு வயதில் அவளையும் பிடித்தது. இருமல் தணிந்த மூன்றாம் நாள் புத்தி தடுமாறியது. செத்த புருசனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வளவுப் பாத்தும்மாவைத் தன் தாய் என்றாள். மருந்து கொடுக்க வந்த ஐயா, "இந்தக் காய்ச்சல் வயசானவைக்குத் தலையையும் குழப்பும். ரெண்டு கிழமையிலை தெளியும்," என்றார்.

மகன் தில்லைநாதன் யாழ்ப்பாணத்தில் கிளாக்கர். தாய் தகப்பன் காட்டுக்குப் போன நாளிலிருந்து ஆனையிறவைத் தாண்டி இந்தப் பக்கம் வராத துரை, தாய்க்கு மூளை பிசகிவிட்டதென்று கேட்டதும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு தோடம்பழம்கூட இல்லை. தாய்க்குப் பிறகு காணி தனக்கு என்று எழுதிய கடுதாசியும் மைப்பெட்டியும் இருந்தன.

"தெளியுமெண்டு ஐயா சொன்னவர், தம்பி," என்றாள் பாத்தும்மா.

"இந்த வயசிலை இனி எங்கை தெளியிறது!"

தெளிந்துவிடுமோ என்பதுதான் அந்த உத்தமபுத்திரனின் கவலை. "கையைத் தாங்கோ, அம்மா," என்றான். அவள் கண்ணுக்கு அவன் நாலு வயதுப் பிள்ளை, வெள்ளவாய்க்காலைக் கடக்கப் பயந்து நிற்கிறான். "பிடி ராசா, விழுந்திடாதை," என்று கையை நீட்டினாள். அவன் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினான்.

பன்னிரண்டாம் நாள் தெளிந்தது. விரலில் ஊதாக் கறை கிடந்தது. பாத்தும்மா நடந்ததைச் சொன்னாள். கால் இன்னும் தள்ளாடியது. மாட்டு வண்டில் பிடித்துக் கந்தோருக்குப் போனாள். மகன் கொடுத்துவிட்டுப் போன கடுதாசியை அங்கே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"நீங்கள் கையெழுத்து வைக்கிறனீங்களெல்லே? இது ஆரின்ரை விரலெண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறம்," என்றார் உத்தியோகத்தர்.

பெற்ற தாய்க்கு எழுதத் தெரியும் என்பதுகூட அந்தப் படித்த கிளாக்கருக்கு நினைவில்லை. அன்னபாக்கியத்துக்கு அருவருப்பாக இருந்தது. கடுதாசியில் குறுக்கே கோடிழுத்து வெட்டி, கீழே முழுப்பெயரையும் எழுதினாள்.

அடுத்த கிழமை மகன் வந்து வாசல் படலையில் நின்றான்.

"அம்மா, இப்ப ஆக்களை அடையாளம் தெரியுதோ?"

"ஓம். தலை குழம்பிக் கிடக்கேக்கை உன்னை என்ரை பிள்ளையெண்டு நினைச்சிட்டன். இப்ப தெளிஞ்சிட்டுது."