ஆட்டுக்குக் கால் நாலு

இருபத்தைந்தை நாலால் வகுத்தால் என்ன வரும்? ஆறு வரும், மீதி ஒன்று வரும் என்பீர்கள். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைனில் வகுத்துப் பாருங்கள் — சண்டை வரும்! போன ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கங்கையம்மன் திருவிழாவுக்கு எங்கள் லைனில் பங்கு ஆடு வெட்டுவது வழக்கம். ஆட்டை நாலு காலுக்கு நாலு பாகமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பாகத்தையும் ஆறு கூறாக்கி, தைத்த இலையில் வரிசையாக வைப்பார்கள். ஆக, இருபத்து நாலு கூறு. பிறகு வீட்டின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

கறி என்னவோ ஒரு வேளைக் குழம்புக்குக்கூடக் காணாது. ஆனால் கூறு வாங்குகிற வீடுதான் லைன் வீடு. அங்கே சாவு விழுந்தால் தோள் கொடுக்க ஆள் வரும். கல்யாணம் என்றால் பந்தல் போட ஆள் வரும். கூறு இல்லாத வீட்டை? யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கன்னியம்மா என்று ஒருத்தி. புருஷன் போன வருஷம் சுரங்கத்தில் பாறை விழுந்து செத்துப்போனான். இருந்த கம்பெனி வீட்டை வேறு ஆளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கள் லைன் கோடியில் ஒரு தட்டி வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்குகிற வேலை.

ஆடு வெட்டி முடித்த நேரம், அவள் மேஸ்திரி முன்னால் வந்து நின்றாள். எங்கள் லைனில் பாதிப் பேரை ஆற்காட்டுப் பக்கமிருந்து வேலைக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். சுரங்கத்து வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் குனிந்தும் எங்களுக்கு முன்னால் நிமிர்ந்தும் பழகிய முதுகு.

"எனக்கும் ஒரு கூறு போடுங்கண்ணா. கறிக்காக கேக்கல. நாளைக்கி எனக்கு ஒண்ணு ஆச்சின்னா, பொண்ணுங்களுக்கு ஒரு நாதி வோணும்."

"போடறதுக்கு எனக்கு இன்னாம்மா கஸ்டம்? கணக்கு எடம் குடுக்கலியே! இருபத்து நாலு, நாலுல வகுபடும். இருபத்தஞ்சு வகுபடாது. ஒண்ணு மிச்சம் நிக்கும்."

கூட நின்ற பெரியவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். கணக்கு என்றால் கணக்குதானே! கவனித்திருக்கிறீர்களா? ஒருவரை ஒதுக்கிவைக்க வேண்டுமா, பழியை எண்ணின் மேல் போட்டுவிடலாம். எண் திருப்பித் திட்டாது பாருங்கள்...

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து லைனில் இருக்கும் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டி வந்தேன். அவர் படையல் கறி தொடாத கிறிஸ்தவர். கறியில் ஆசை இல்லாத ஒரே மனிதர் என்பதால் நியாயம் சொல்ல மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார்.

வாத்தியார் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுத ஆரம்பித்தார். சாப்பாட்டை மறந்து பாடம் நடத்துகிற ஜாதி!

"மீதி இல்லாம வகுக்கிற எண்ணுக்குக் காரணின்னு பேரு. ஒண்ணையும் அந்த எண்ணையும் விட்ருங்க. இருபத்து நாலுக்கு ரெண்டு, மூணு, நாலு, ஆறு, எட்டு, பன்னெண்டு — இத்தினி காரணி கீது. இருபத்தஞ்சுக்கு அஞ்சு ஒண்ணுதான். இருபத்தஞ்சு நாலோட மடங்கு இல்ல, அஞ்சோட மடங்கு. அதனால ஆட்டை அஞ்சு பாகமாக்கி, பாகத்துக்கு அஞ்சு கூறு போடுங்க. தீந்துது!"

மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார். "ஏன் வாத்தியாரே, ஆட்டுக்குக் காலு அஞ்சா?"

லைனே சிரித்தது. கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

வாத்தியார் விடுவதாக இல்லை. "சரி, மொதல்லருந்து வருவோம். கன்னியம்மாவ சேக்காம லைன்ல எத்தினி வூடு?"

அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவிதான் பதில் சொன்னார். "இருபத்து மூணு."

"அப்ப இருபத்து நாலாவது கூறு?"

"அதுவும் எங்க வூட்டுக்குத்தான். இருபத்து மூணு எதுலயும் வகுபடாது, ஒண்ணு சேத்தாத்தான் கணக்கு நேரா வரும்னு எங்க வூட்டுக்காரருதான சொன்னாரு! கணக்குக்காவ நாங்களும் வருசா வருசம் ரெண்டு கூறு துன்னுகினு கீறோம்."

அந்த அம்மாள் வெகுளியாகச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா? சத்தியமாகத் தெரியவில்லை. அரைப்பதை அவர் நிறுத்தவே இல்லை. இத்தனைக்கும் இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மேஸ்திரியை யார் பகைத்துக்கொள்வது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

வாத்தியாருக்கு முகமெல்லாம் பல். "இருபத்து மூணு பகா எண்ணு! மேஸ்திரி சரியாத்தான் சொல்லிக்கிறாரு. இப்ப கன்னியம்மா வூட்டையும் சேத்தா, வூடே இருபத்து நாலு ஆச்சி. வூட்டுக்கு ஒரு கூறு. ஆட்டுக்கும் காலு நாலேதான்!"

இந்தத் தடவை மேஸ்திரியைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அவர் வானத்தைப் பார்த்தார், இருமினார், துண்டை உதறித் தோளில் போட்டார். "கணக்கு அப்டி சொன்னா நான் இன்னா பண்றது? போடுங்கப்பா."

கூறு போடுகிறவர் கடைசியாகக் கூப்பிட்டார் — "கன்னியம்மா வூடு!"

அவள் உடனே வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட வைத்து, கேட்டுவிட்டுத்தான் வந்தாள். இரண்டு கையாலும் இலையை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

மேஸ்திரி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். நேற்று ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்தால், குடியாத்தத்திலிருந்து புதிதாக வந்த குடும்பங்களுக்கு எங்கள் லைனில் இடம் காட்டிக்கொண்டிருக்கிறார். "பாவம், அவங்களுக்கும் ஒரு நாதி வோணும்லப்பா!" என்றார் என்னிடம். ஆடிப்போய்விட்டேன். என்ன தயாளம்!

வந்தது நாலு குடும்பம். மூன்றை எங்கள் லைனில் வைத்துக்கொண்டு, நாலாவதை மட்டும் அடுத்த லைனுக்கு அனுப்பிவிட்டார்.

இருபத்து நாலும் மூன்றும் இருபத்தேழு — நாலால் வகுத்துப் பாருங்கள், சரியாக ஒரு வீடு குறைகிறது. இருபத்தெட்டாவது கூறு எந்த வீட்டுக்கு என்று நான் சொல்ல வேண்டுமா!