கூரில் குறை எழுதப் பேனை ஓடாது

"கூரைப் பற்றி ஒரு குறை எழுத வெளிக்கிட்டுப் பார் மச்சான், பேனை ஓடாது!"

தான் குடியிருந்த கூர் என்ற சுவிஸ் மலை நகரைப் பற்றிய இந்தத் திருவாக்கைத் தவச்செல்வன் அவர்கள் 1986ஆம் ஆண்டு ஆவணி மாதம் லுசேர்ண் நகரில், ஒரு பிறந்தநாள் வீட்டில், ஒரு கையில் கட்லெட்டும் மறு கையில் தோடம்பழச் சாறுமாக நின்று வெளியிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினேழு பேர். அதில் பதினாறு பேர் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் நம்பிவிட்டான். உலகத்தில் நடந்த பெரிய கேடுகளெல்லாம் இப்படி ஒருவன் நம்பியதால் வந்தவைதான்.

நம்பியவன் பெயர் மரியதாஸ். தவச்செல்வனோடு யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவன். 1984இல் இருவரும் ஒரே ரயிலில் சுவிற்சர்லாந்துக்கு வந்து இறங்கினார்கள். வந்த இடத்தில் ஒரு அகதிப் பதிவுக் கந்தோர்க்காரர், மரியதாஸை லுசேர்ணுக்கும் தவச்செல்வனைக் கூருக்கும் என்று பிரித்து எழுதிவிட்டார். எழுதும்போது அந்த மனிதர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனுக்கு ஏரியும் இன்னொரு மனிதனுக்கு மலையும் என்று தீர்ப்பெழுதுகிறோமே என்ற பதற்றம் அவர் முகத்தில் துளியும் இருக்கவில்லை. தவச்செல்வன் இதை இன்றுவரை மறக்கவில்லை.

பிறந்தநாள் வீட்டன்று காலையில் மரியதாஸ் அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். தண்ணீர் மினுங்கியது. அன்னங்கள், கூலிக்குப் பிடித்து விட்டவை போல வரிசையாக வந்தன. மரப்பாலத்தில் நின்ற ஒரு யப்பான்காரி இவர்கள் இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தாள். அந்த நேரத்தில் தவச்செல்வனின் நெஞ்சுக்குள் என்னவோ வந்து அடைத்தது. அதற்குப் பெயர் பொறாமை என்று ஊரில் சொல்லுவார்கள். அவர், காலையில் சாப்பிட்ட பாண் செமிக்கவில்லை என்று சொன்னார். பின்னேரம் அந்தப் பாண்தான் திருவாக்காக வெளியே வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடங்கள் ஒரு போர் நடந்தது. மரியதாஸுக்கு அப்படி ஒரு போர் நடப்பதே தெரியாது. அவன் நத்தார் பண்டிகைக்கு ஏரிப் படம் போட்ட அட்டை அனுப்புவான். தவச்செல்வன் அடுத்த நாளே ஏரியை விடப் பெரிய மலை ஒன்றைத் தேடிப்பிடித்து அனுப்புவார். ஞாயிறுகளில் டெலிபோன் எடுத்தால், "இஞ்சை குழாய்த் தண்ணியே இளநி மாதிரி", "ரோட்டாலை நடந்து போனால் சனம் வலிய வந்து வணக்கம் சொல்லும்", "ரயில் எங்கட வீட்டு வாசலாலை போகுது, தெரியுமோ" என்று கூரின் கீர்த்தி லுசேர்ண் வரை பாயும்.

கீர்த்திக்குக் காரணம் இல்லாமலில்லை. தவச்செல்வன் கூர்த் தமிழர்களின் தலைவர். முதலில் அங்கே ஏழு தமிழர்கள் இருந்தார்கள். ஐந்து பெடியள் ஒவ்வொருவராகச் சூரிச், பாடன் என்று கழன்று போக, மிஞ்சியவர்கள் தலைவரும், அதே வருடம் பின்னால் வந்து சேர்ந்த அவர் மனைவி செல்வராணியும். தலைவருக்கு எதிராக வாக்களிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் தினமும் வாக்களித்தாள். என்றாலும், ஊர்ப் பத்திரிகையில் ஒருமுறை படம் வந்ததென்றால் அது தவச்செல்வனுடையது: சந்தை நாளில் வடை சுடும் தமிழர். அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலால் வருபவர் தலையில் முட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் பாத்திரம் கழுவுகிற ஆஸ்பத்திரிக் குசினியிலும், தமிழர் என்றால் எப்படி இருப்பார்கள் என்று ஆருக்காவது சந்தேகம் வந்தால் அவரைத்தான் பார்ப்பார்கள்.

இந்தப் பதவிக்கு 1988ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஆபத்து வந்தது. மரியதாஸ் இரண்டு நாள் லீவில் கூர் பார்க்க வந்தான்.

வந்த நாள் வியாழக்கிழமை. அது தவச்செல்வன் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கிற நாள். சுவிஸில் நினைத்த நேரத்தில் உடுப்புத் தோய்க்க முடியாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டடம் முழுவதற்கும் நிலக்கீழ் அறையில் ஒரே ஒரு இயந்திரம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கிழமைக்கு ஒரு நாள். அந்த அறைக் கதவின் திறப்பு வீட்டுக்கு வீடு கைமாறும். இந்த ராச்சியத்தை ஆண்டவர் முதல் மாடியில் இருந்த கட்டடச் சொந்தக்காரி கடூஃப் அம்மா. குற்றம் கண்டால் வாய் திறக்கமாட்டார். ஒரு கடதாசித் துண்டு எழுதி ஒட்டிவிட்டுப் போவார். "கதவு ரப்பரைத் துடைக்கவும்." "வடிகட்டியில் தலைமயிர்." "ஞாயிறு தோய்க்கக் கூடாது." "மாடிப்படியில் வெங்காய மணம்." நாலு வருடத்தில் முப்பத்தொரு துண்டுகள். தவச்செல்வன் அவற்றை ஒரு பிஸ்கட் தகர ரின்னுக்குள், வழக்குக்குத் தேவைப்படலாம் என்று, திகதி போட்டு வைத்திருந்தார்.

அன்று அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், செல்வராணிக்கு உதவியாக மரியதாஸ் கீழே இறங்கினான். லுசேர்ணில் ஹோட்டல் குசினியில் வேலை செய்து பழகிய கை சும்மா இராது. தோய்த்து முடித்ததும் ரப்பர் வளையத்தைத் துடைத்தான். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினான். நிலத்தைக் கூட்டினான். கேட்காமலே கொடிக் கயிற்றையும் இழுத்துக் கட்டினான். அந்த நேரம் கடூஃப் அம்மா கதவடியில் நின்று பார்த்திருக்கிறார்.

பின்னேரம் தவச்செல்வன் வீடு வந்தபோது மேசையில் ஒரு அப்பிரிக்கொட் ஜாம் போத்தல் இருந்தது. மூடிக்குச் சிவப்புக் கட்டம் போட்ட துணி கட்டியிருந்தது.

"ஆர் வாங்கினது?"

"வாங்கேல்லை. கடூஃப் அம்மா தந்தவ," என்றாள் செல்வராணி.

"எங்களுக்கோ?"

"மரியதாஸ் அண்ணைக்கு."

தவச்செல்வன் சப்பாத்தைக் கழற்ற மறந்து கதிரையில் இருந்தார். நாலு வருடம். முப்பத்தொரு துண்டுகள். ஒரு ஜாம் இல்லை. மற்றவர்கள் கவனிக்காத சமயம் பார்த்து விரலால் தொட்டு ருசி பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"மச்சான், நீ அண்டைக்குச் சொன்னது அவ்வளவும் உண்மையடா," என்றான் மரியதாஸ், சோற்றைக் குழைத்துக்கொண்டு. "அந்த அம்மா மேலை கூப்பிட்டுக் கோப்பி தந்தவ. உச்சி மாடியிலை ஒரு அறை சும்மா கிடக்குதாம், எனக்குத் தாறாவாம். உன்ர ஆஸ்பத்திரிக் குசினியிலையும் ஆள் தேவையாம். உங்கட பெரிய குக் அவவின்ர மருமகன்தானே?"

"ஆற்றை மருமகன்?" என்றார் தவச்செல்வன்.

"உனக்குத் தெரியாதோ?"

தெரியாது. தலைவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று கூரில் இருந்திருக்கிறது. அது ஒரே நாளில், ஒரு கோப்பியோடு, அந்நியன் காதுக்குப் போயிருக்கிறது.

"வாங்கோ அண்ணை, கட்டாயம் வாங்கோ," என்றாள் செல்வராணி. "இந்த மனுசன்ர கதையை நாலு வருசமாய் நான் தனிய நிண்டு கேக்கிறன். பங்குக்கு ஒராள் வேணும்."

அந்த ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் தவச்செல்வன் எல்லாவற்றையும் கண்ணால் கண்டுவிட்டார். மரியதாஸின் டொச் மொழி தன்னுடையதை விடத் திறம். மரியதாஸ் பாடுவான். மரியதாஸ் கத்தோலிக்கன், கூரிலோ பிஷப்பே இருக்கிறார். ஆறு மாதத்தில் பத்திரிகையில் அடுத்த படம் வரும், அதில் வடையைப் பிடித்திருக்கிற கை தன்னுடையதாக இராது. இதைத் தடுக்க வேண்டும். தடுக்க ஒரே வழிதான் இருந்தது. இரண்டு வருடம் தூக்கிப் பிடித்த கூரை அவரே கீழே போட வேண்டும்.

அடுத்த நாள் காலை ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தொடங்கினார்.

"மச்சான், உனக்கு ஒளிக்கக் கூடாது. இஞ்சை மாரியிலை வெயில் கெதியாய் மலைக்குப் பின்னாலை போயிடும். பிறகு ஒரே இருட்டு."

"நான் நிலக்கீழ்க் குசினியிலை நிக்கிறவன். வெயிலைக் கண்டனானோ? லுசேர்ணிலை ஏரி இருக்குதெண்டு சனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"சூட்டுக் காத்தொண்டு மலையாலை இறங்கும். தலை வெடிக்கும்."

"உடுப்புக் காயும். அந்த அம்மாவும் சொன்னவ."

"கறிவேப்பிலைக்குச் சூரிச்சுக்குப் போகோணும்."

"ரெண்டு பேருமாய்ப் போவம்."

"ரோட்டாலை ரயில் வருமடா! மனுசர் நடக்கிற ரோட்டாலை!"

சொல்லி வாய் மூடவில்லை, அரோசாவுக்குப் போகிற சிவப்பு ரயில் தெருவால் ஆடி ஆடி வந்தது. மரியதாஸ் குழந்தைப் பிள்ளை போலக் கை காட்டினான். சாரதியும் கை காட்டி, மணியும் அடித்துவிட்டுப் போனார். இதே சாரதி நாலு வருடமாகத் தவச்செல்வனைக் கடந்து போகிறார். ஒரு நாள் கண்ணிமைத்ததில்லை.

பிளாட்போமுக்கு வந்தபோது தலைவரிடம் குறைகள் தீர்ந்துவிட்டன. ரயில் வர ஐந்து நிமிடம் இருந்தது. அங்கிருந்த வாங்கில் பொத்தென்று இருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, கையில் அகப்பட்டதை எடுத்து எறிந்தார்.

"ஞாயிறுகளிலை நான் இந்த வாங்கிலைதான் இருக்கிறனான்."

"ஏன்?"

"சூரிச் ரயில் வரும். எங்கட ஆக்கள் ஆராவது இறங்குகினமோ எண்டு பாக்கிறது. போன வருசம் ஒருத்தர் இறங்கினவர். ஓடிப்போய், அண்ணை வாங்கோ எண்டன். பாத்தால் கேரளாக்காரர். பரவாயில்லையெண்டு அவரோடை இங்கிலீசிலை ஒரு மணித்தியாலம் கதைச்சன். அவர் மாறி ஏற வேண்டிய ரயிலை விட்டிட்டார், பாவம்."

மரியதாஸ் சிரிக்கவில்லை. "வீட்டிலை அவ இருக்கிறாவே?"

"எங்கள் ரெண்டு பேருக்கும் கதை எண்பத்தைஞ்சிலையே முடிஞ்சுது."

ரயில் வந்து நின்றது. மரியதாஸ் பையைத் தூக்கினான். படியில் ஏறித் திரும்பிப் பார்த்தான்.

"இதை ஏனடா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

தவச்செல்வன் தேர்தலில் வென்றவர் போல வீட்டுக்கு நடந்தார். கடைசி அடி சரியாகப் பட்டிருக்கிறது, இனி அவன் வரமாட்டான் என்று வழி முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான வாங்கில் போய் இருந்தபோது, வென்ற மனிதருக்கு இருக்க வேண்டிய சந்தோசம் ஏன் வரவில்லை என்றுதான் பிடிபடவில்லை. பழி போட, அன்று பாண் சாப்பிடவும் இல்லை.

பத்து நாளில் லுசேர்ணிலிருந்து தடித்த கடிதம் ஒன்று வந்தது. உள்ளே ஏரிப் படம் போட்ட அட்டை ஒன்று. அதன் பின்னால் மரியதாஸ் எழுதியிருந்தான்: "நான் கூருக்கு வரேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ. ஹோட்டலிலை ஒரு இடம் வருகுது, உன்ர பேரைச் சொல்லிவைச்சிருக்கிறன். ஞாயிறெண்டால் இருபது பேராவது சேருவம். கார்ட்ஸ் விளையாட ஒராள் குறையுது. மாநிலம் மாறுகிற படிவம் இதோடை வைச்சிருக்கிறன்."

"என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறான் இவன்!" என்று தவச்செல்வன் வீடு அதிரக் கத்தினார். "ஏரியைக் காட்டி ஆளை வாங்கப் பாக்கிறான்! கூரை விட்டிட்டு நான் போறதோ? ஆரைப் பாத்து?"

செல்வராணி படிவத்தை எடுத்தாள். "அப்ப இதை எறியட்டோ?"

"சும்மா இருமப்பா. பிஸ்கட் ரின்னுக்கை கிடக்கட்டும். ஒரு அத்தாட்சிக்கு."

அதற்கு அடுத்த வியாழன் உடுப்புத் தோய்க்கிற நாள். வழக்கமாகச் செல்வராணிதான் கூடை தூக்குவாள். அன்று தவச்செல்வன், "நீ இரும், நான் போறன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு இப்படி ஒரு வார்த்தை கேட்டிராத செல்வராணி, பிஸ்கட் ரின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

கீழே இயந்திரத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. முப்பத்திரண்டாவது. "உங்கள் நண்பர் திரும்ப எப்போது வருகிறார்?"

தவச்செல்வன் அதை இரண்டு தரம் படித்தார். கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். உடுப்பைப் போட்டு இயந்திரத்தை முடுக்கினார். கதவைச் சாத்தினார். மற்றப் பையிலிருந்து படிவத்தை எடுத்து, இயந்திரத்தின் மேல் விரித்தார். பேர், பிறந்த திகதி, வேலை எல்லாம் ஒழுங்காக நிரப்பினார். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இருக்கும் நகரத்தை விட்டுப் போக விரும்புவதற்கான காரணம். அதற்கு நாலு கோடுகள் விட்டிருந்தார்கள்.

பிறகு டொச்சுக்கு மாற்றுவோம், முதலில் தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று நினைத்தார். வெயில். காற்று. கறிவேப்பிலை. கை காட்டாத சாரதி. இயந்திரம் குலுங்க எழுத்தும் குலுங்கியது. கோட்டுக்கு ஒரு குறையாக நாலு கோடும் நிரம்பிவிட்டன. இன்னும் ஞாயிற்றுக்கிழமைக்கு வரவில்லை.

சட்டைப் பையிலிருந்து கடூஃப் அம்மாவின் துண்டை எடுத்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. அதை நீவி வைத்து, மேலே சிறிதாக, ஐந்து என்று இலக்கம் போட்டார்.