அம்மாவின் காலில் போட்ட கோடு

அம்மாவின் காலில் முள் கிழித்தது பெரிய விஷயமே இல்லை. சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டை ஒட்டிய லைன் வீடுகளில், முள் கிழிக்காத கால் கிடையாது. ஆனால் மறுநாள் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. எந்த வலிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சமைக்கிற அம்மா, பாயில் கிடந்து அழுதாள்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் முதல் பழி சயனைட் மண்ணுக்குத்தான். அத்தை அதை ஒப்புக்கொள்ளவில்லை. சிவந்து எரிந்தால் அக்கிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்பா அன்று வேலைக்குப் போகிற பெங்களூரு ரயிலை விட்டுவிட்டு அம்மாவை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா சிவப்புக்கு வெளியே, பார்வைக்கு ஒன்றுமில்லாத இடத்தில் அழுத்தினார். அங்கேயும் அம்மா துடித்தாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது. தோலோடு நிற்கிற கிருமி என்றால் மருந்துக்கு அடங்கிவிடும். அடியில் தசையைச் சுற்றிய சவ்வுக்குள் இறங்கியிருந்தால் மேலே கொஞ்சம்தான் தெரியும், வலிதான் பொறுக்க முடியாமல் இருக்கும். எதற்கும் கோலாரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுங்கள் என்றார். வீட்டை யார் பார்ப்பது என்று அம்மா மறுத்துவிட்டாள். அவர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தார்.

"சிவப்பு கோட்டைத் தாண்டுதான்னு பாத்துக்கினே இரு கண்ணு. தாண்டினா உடனே அப்பாகிட்ட சொல்லணும்."

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. பாயை விட்டு நகரவில்லை. கண்ணைச் சிமிட்டினால்கூடச் சிவப்பு தாண்டிவிடுமோ என்று பயமாக இருந்தது.

அதற்குள் அத்தை, அக்கி எழுதுகிற குயவரைப் பூதிகோட்டையிலிருந்து வரவழைத்துவிட்டாள். மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, அக்கி பாட்டுக்கு அக்கி, இதில் இன்னா நஷ்டம் என்பது அவள் கணக்கு. குயவர் வந்து அம்மாவின் கால் முழுக்கக் காவி பூசிப் பக்தியோடு எழுதிவிட்டுப் போனார். கோடு காவிக்குள் போய்விட்டது. கோட்டைக் காணோம் என்று அழுதேன். காவியைத் தொட்டால் பலிக்காது என்று அத்தை என்னை அதட்டி உட்காரவைத்தாள்.

சாயங்காலம் அம்மாவின் முனகல் நின்றது.

"வலி போயிட்ச்சி கண்ணு" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். அத்தை கற்பூரம் ஏற்றினாள். அப்பா நன்றி சொல்ல டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். பேசிக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். போனைக் காதில் வைத்தபடியே, அம்மாவின் காலை அழுத்திப் பார்க்கச் சொன்னார். விரலால் அழுத்தினேன். பிறகு நகத்தால் கிள்ளினேன். அம்மா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"எப்போ தொடப் போறே?"

அப்பா ஈரத்துணியால் காவியைத் துடைத்தார். பேனாக் கோட்டைச் சிவப்பு எப்போதோ தாண்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. கோட்டுக்குள் தோல் கறுத்திருந்தது.

கோலாரில், நரம்போடு செத்துப்போயிருந்த சதையை வெட்டி எடுத்து அம்மாவைப் பிழைக்கவைத்தார்கள். இன்றும் அந்தக் காலை லேசாக இழுத்துத்தான் நடக்கிறாள். ஆனால் அன்று காரில் போகும்போது அப்பா ஏன் அழுகிறார் என்றே எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குத்தான் வலியே இல்லையே என்று வழியெல்லாம் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு போனேன்.