கோபுரத்தில் ஒரு கொக்கி

ருமேனியக் கிராமத்தில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஜெர்மன் வம்சாவளிச் சாக்சன் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்ததும், இடைக்காலத்துத் தேவாலயத்தின் சாவி ரெகீனேயின் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் அழைத்தும் அவள் போகவில்லை. பக்தி என்று சொல்லிவிட முடியாது. தான் பூட்டிவிட்டுப் போனால் பிறகு யாரும் திறக்கமாட்டார்கள் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மதில் சூழ்ந்த அந்தக் கோயிலின் தெற்குக் கோபுரம் எப்போதும் குளிர்ந்திருக்கும். எதிரிப் படைகள் முற்றுகையிட, ஊரே மதிலுக்குள் ஒதுங்கிய காலத்திலிருந்தே வீட்டுக்கு வீடு உப்பிட்ட பன்றிக்கொழுப்புப் பாளங்களை அங்கேதான் தொங்கவிட்டார்கள். ஞாயிறு மணி அடித்த பிறகே அறுக்கலாம். வேறு யாரும் அறுத்தால் தெரியும்படி, அறுத்த இடத்தில் வீட்டு முத்திரையைக் குத்த வேண்டும். இப்போது வரிசையாக வெறும் கொக்கிகள்; தொங்கியது அவளுடைய பாளம் ஒன்றுதான்.

கூரை ஓடுகள் சரியத் தொடங்கின. சபைத் தலைமையிலிருந்து வந்தவர், குளிர்காலத்துக்குள் கூரையைச் செப்பனிட ஆளில்லையென்றால் மணியை இறக்கிக் கதவைச் சாத்திவிடுவோம் என்று சொல்லிப் போனார்.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டு ருமேனியன் இலியே ஓடுகளை இறக்கிவிட்டுப் பெருமையாகத் தகரக் கூரை போட்டான். தகரச் சூட்டில், பரணில் அவன் தொங்கவிட்டிருந்த கொழுப்பு உருகி வழிந்தது.

"அத்தை, உங்க கோபுரத்துல ஒரு கொக்கி குடுங்களேன்."

"நீ வேற சபைடா."

"நான் வேறதான். பன்னி எந்தச் சபையிலயும் சேரலையே."

அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் யோசித்தாள். பட்டினியைத் தடுக்க எழுப்பிய சுவர். யாருடைய பட்டினி என்று முன்னோர் சொல்லி வைக்கவில்லை. கொக்கியைக் கொடுத்தாள், ஒரே நிபந்தனையுடன்: மணி அடித்த பிறகுதான் அறுக்க வேண்டும், மணியை அவனே அடிக்க வேண்டும். அவன் கார் சாவியின் பல்லை முத்திரையாகக் குத்தினான். அடுத்து அவன் மைத்துனன் வந்தான், பிறகு ரோமா எனும் ஜிப்சி இனத்துக் கொல்லனின் மனைவி ஸம்ஃபிரா. இலையுதிர்வதற்குள் கொக்கிகள் பாதி நிறைந்துவிட்டன.

அக்டோபர் மழை பாளங்கள் மேல் சொட்டியது. மறுநாள் ரெகீனே போவதற்குள் இலியே ஏணியில் நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தான். கீழே அவனுடைய பழைய ஓடுகள் வண்டி நிறைய வந்திறங்கியிருந்தன.

"உள்ள இருக்கிறது எங்க சாப்பாடு அத்தை. பாத்துக்கிட்டா நிப்போம்?"

சபைத் தலைமையின் ஆள் ஒரு ஞாயிறன்று திரும்ப வந்தார். கத்தியும் ரொட்டியுமாகப் படியேறுகிறவர்களைப் பார்த்து, இவர்கள் விசுவாசிகளா என்று கேட்டார்.

ரெகீனே பொய் சொல்லவில்லை. "மணிக்குத் தவறாம வர்றாங்க," என்றாள்.

அவர் ஒட்டுப்போட்ட கூரையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். மணியை இறக்குவது பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஸம்ஃபிரா நீட்டிய கொழுப்புத் துண்டை வாங்கிக்கொண்டார்.