மிராசுதாரர் தாண்டிய ஓடை

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவுக்குச் சுற்றுலா போனபோது, காட்டில் ஓர் இரவு தங்கும் நடைப்பயணத்தில் ஏழு பேர் சேர்ந்தோம். அதில் உத்திரமேரூர்க்காரர்கள் நானும் ஒரு மிராசுதாரரும்.

"சேத்துலயே வளந்த ஒடம்புப்பா இது. காடு இன்னா பண்ணிடும்?" என்று வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தார். ஊரில் வாய்க்காலைக்கூடப் பண்ணையாளின் முதுகில் ஏறித் தாண்டுகிற மனிதர் அவர்.

சாயங்காலம் முழங்கால் ஆழத்தில் ஓர் ஓடை வந்தது. எங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கான அரிசிப் பையைச் சுமந்து வந்த வழிகாட்டியைக் குனியும்படி சைகை காட்டினார். "நீ அந்தப் பைய வாங்கிக்கப்பா" என்று என்னிடம் சொன்னார். நானும் ஊர்ப்பழக்கத்தில், "சரிங்க" என்று வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன்.

பாதி ஓடையில், வழிகாட்டியின் முதுகிலிருந்து தண்ணீரில் தொங்கிய அவர் காலில் ஓர் அட்டை ஏறியது. "ஐயோ! அட்டை கீதுப்பா!" என்று உதறிய கால் பக்கத்தில் வந்த என் பையில் பட்டு, அது கவிழ்ந்து, அரிசியெல்லாம் தண்ணீரோடு போயிற்று.

"ஒயுங்கா புடிக்கத் தெரியலியே உனக்கு!" என்று என்னைத் திட்டினார்.

அன்றிரவு எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்தான். தன்னுடையதைத் தின்று முடித்து, மறுபடியும் கையை நீட்டினார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு கேவலமானவன் நான்.